டெலிவரி வழி குழம்பினால்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் முறை

"மேப்பு தப்பா காட்டுது சார்" என்று டிரைவர் போனில் சொன்னால், அது நான்கில் ஒன்றாக இருக்கும். இடம் தவறு, வரிசை தவறு, சாலை தவறு, இல்லையென்றால் கையிலிருக்கும் போனில் கோளாறு. நான்குக்கும் தீர்வு வேறு வேறு. எது என்று பிரித்துப் பார்க்காமல் செயலியை மாற்றுவதும், புதிதாக ஒன்றுக்குச் சந்தா கட்டுவதும், டிரைவரிடம் சண்டை போடுவதும் வீண் வேலை.

பிரித்துப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. தகராறு செய்யும் நிறுத்தத்தை மட்டும் எடுத்து, அலுவலகக் கணினியில் அதற்குத் தனியாக வழி கேளுங்கள். அப்போதும் தப்பான இடத்துக்கே கூட்டிப் போனால் பிழை இடத்தில். தனியாகக் கேட்டால் சரி, பட்டியலோடு சேர்த்தால்தான் சுற்றுகிறது என்றால் பிழை வரிசையில். இடமும் வரிசையும் சரி, ஆனால் காட்டுகிற தெருவில் வண்டி போகாது என்றால் வழி அமைப்பைப் பார்க்க வேண்டும். கணினியில் எல்லாம் ஒழுங்காக வந்து டிரைவர் கையில் மட்டும் குழம்பினால் போனைப் பார்க்க வேண்டும். நான் பார்த்தவரை பெரும்பாலும் முதல் வகைதான், அதாவது ஜிபிஎஸ் மேல் விழும் பழி உண்மையில் முகவரிப் பட்டியலுக்குப் போக வேண்டியது. அதனால் கீழேயும் இடப் பிழைகளே முதலில் வருகின்றன.

சென்னையில் குட்டி யானை, லோடு ஆட்டோ, பைக் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இருபது முப்பது இடங்களில் சரக்கு இறக்குகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

நாலைந்து நிறுத்தங்கள் ஒரே புள்ளியில் குவிந்து கிடக்கின்றன

முகவரியை வரைபடப் புள்ளியாக மாற்றும் மென்பொருளுக்குக் கதவு எண் அகப்படாவிட்டால், "தெரியவில்லை" என்று அது கைவிரிக்காது. தெருவின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிடும். தெருவும் அகப்படாவிட்டால் பகுதியின் நடு, அதுவும் இல்லையென்றால் பின்கோடின் நடு. வேளச்சேரி 600042 என்று முடியும் மூன்று கடை முகவரிகள் இப்படி ஒரே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வரிசை போடும் கருவியோ மூன்றுக்கும் இடையே தூரம் பூஜ்யம் என்று நம்பித் திட்டம் போடும். சாலையில் அது அரை மணி நேரமாகத் தெரியும்.

கூகுளின் ஜியோகோடிங் சேவையை, அதாவது முகவரியைப் புள்ளியாக மாற்றும் சேவையை, நேரடியாகப் பயன்படுத்துகிறவர்கள் பதிலோடு வரும் தரக்குறியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 'ரூஃப்டாப்' என்று வந்தால் கட்டிடமே கிடைத்துவிட்டது. 'ரேஞ்ச் இன்டர்போலேட்டட்' என்றால் இரண்டு தெரிந்த இடங்களுக்கு நடுவே ஊகித்தது. 'ஜியோமெட்ரிக் சென்டர்', 'அப்ராக்ஸிமேட்' இரண்டும் நடுப்புள்ளிதான், அல்லது அதைவிட மோசம். இந்தக் கடைசி இரண்டில் விழுந்த வரிகளைத் தனியே ஒதுக்கி, அவற்றுக்குக் கையால் புள்ளி வையுங்கள். சாதாரணச் செயலி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறி தெரியாது. அவர்கள் எல்லா நிறுத்தங்களையும் வரைபடத்தில் விரித்துப் பார்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பவற்றைத் தேடினால் போதும்.

குவிவதற்கு இன்னொரு காரணம் எக்செல். புள்ளியை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக வைத்திருந்து, அந்தக் கட்டங்கள் இரண்டு தசம இடம் காட்டும்படி அமைந்திருந்தால், சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமிக்கும்போது திரையில் தெரிவது மட்டுமே கோப்பில் ஏறும். 13.04187 வெறும் 13.04 ஆகிவிடும். தசமத்துக்குப் பின் இரண்டு இடம் என்றால் அந்த எண் தரையில் குறிக்கும் சதுரத்தின் பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். மூன்று இடத்துக்கு ஏறக்குறைய 110 மீட்டர், நான்குக்கு 11 மீட்டர், ஐந்துக்கு ஒரு மீட்டர். ஐந்து இடம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் போட்டாலும் டெலிவரிக்குப் பயனில்லை.

முகவரியையும் கொஞ்சம் சுத்தம் செய்ய வேண்டும். "அம்மன் கோயில் எதிரில், மாவு மில் மாடி" என்பதெல்லாம் டிரைவருக்கு உயிர், மென்பொருளுக்கு விஷம். சில நேரம் அது கோயிலையே தேடிப் பிடித்து, வேறு பேட்டையில் இருக்கும் அம்மன் முன்னால் கொண்டு போய் நிறுத்தும். தெரு, பகுதி, பின்கோடு ஆகியவை முகவரிக் கட்டத்தில் இருக்கட்டும். அடையாளம், மாடி, போன் எண் எல்லாம் குறிப்புக் கட்டத்துக்குப் போகட்டும்.

ஒரு நிறுத்தம் மட்டும் எங்கோ தொலைவில் விழுகிறது

முதலில் தெருப் பெயர். காந்தி தெரு, பிள்ளையார் கோயில் தெரு, பாலாஜி நகர் இல்லாத பேட்டை உண்டா? பின்கோடு சேர்க்காமல் தேடினால் மென்பொருள் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஆறு இலக்கத்தையும் போட்டாலே இந்த வகைப் பிழை பெரும்பாலும் மறைந்துவிடும்.

அடுத்தது எண்கள் இடம் மாறுவது. கூகுள் மேப்ஸ் அட்சரேகையை முதலில் கேட்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் தரவில் ஓடும் ஓஎஸ்ஆர்எம் போன்ற வழிக் கருவிகளும், வரைபடத் தரவை வைக்கும் ஜியோஜேசன் கோப்புகளும் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். சென்னையின் 13.08, 80.27 தலைகீழானால் புள்ளி ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் விழும். இது நல்ல பிழை என்பேன், பார்த்ததும் தெரிந்துவிடும். "வழி கிடைக்கவில்லை" என்று கருவி சொன்னால் முதல் சந்தேகம் இதன் மேல் இருக்கட்டும். சென்னைக்குள் முதல் எண் 12 அல்லது 13, இரண்டாவது எண் 80 என்று ஒரு சரிபார்ப்புச் சூத்திரம் போட்டு வைத்தால் மறுபடி வராது.

மூன்றாவதுதான் ரொம்ப நேரம் தலையைச் சொறிய வைப்பது. சென்னை முகவரிகளில் பழைய எண், புதிய எண் இரண்டையும் சாய்கோடு போட்டு 12/5 என்று எழுதும் பழக்கம் உண்டு. எக்செலில் அதைத் தட்டினால் தேதி என்று நினைத்து 12-மே ஆக்கிவிடும். யாராவது அதைப் பார்த்து "எழுத்து" வடிவத்துக்கு மாற்றினால் 45789 என்று ஒரு எண் வந்து நிற்கும், 2025-ஆம் ஆண்டில் தட்டியிருந்தால். பட்டியலில் 45 ஆயிரத்தில் தொடங்கும் கதவு எண்கள் தென்பட்டால் இதுதான் நடந்திருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு முன்பே எழுத்து வடிவத்தில் வைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து, அந்தக் கட்டத்தை எழுத்து என்று குறிக்க வேண்டும். ஏற்கெனவே மாறிப்போன வரிகளுக்குப் பழைய பில்லைப் பார்த்துத் திருத்துவதுதான் நம்பகமான வழி.

"வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்கிறது, எதிரே மதில் சுவர்

புள்ளி கட்டிடத்தின் நடுவில் இருந்தால், வழிக் கருவி அதற்கு மிக அருகில் உள்ள சாலையில் கொண்டு போய் நிறுத்தும். அந்தச் சாலை வாசல் பக்கமா பின்பக்கமா என்று அதற்குத் தெரியாது. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள், மருத்துவமனைகள், அம்பத்தூர் தொழிற்பேட்டை மாதிரி நீளமான மனைகளில் இது அடிக்கடி நடக்கும். புள்ளியைச் சரக்கு இறக்கும் கேட்டின் மேல் வையுங்கள், கட்டிடத்தின் மேல் வேண்டாம். ஒரே வாடிக்கையாளருக்கு ஆட்கள் நுழையும் கேட் ஒன்று, சரக்கு நுழையும் கேட் ஒன்று என்று இருந்தால் சரக்குக் கேட்தான் நிறுத்தம்.

வாட்ஸ்அப்பில் வரும் லொகேஷனையும் அப்படியே நம்ப முடியாது. "அண்ணா, லொகேஷன் அனுப்பிட்டேன்" என்று வாடிக்கையாளர் சொல்லும்போது அவர் வீட்டில் இருக்கிறாரா, ஆபீசில் இருந்து வீட்டு முகவரிக்கு ஆர்டர் போட்டாரா என்று கேளுங்கள். அனுப்புகிற திரையிலேயே எத்தனை மீட்டர் துல்லியம் என்று வாட்ஸ்அப் காட்டும். அது இறங்கும்வரை சில நொடிகள் பொறுத்து அனுப்பச் சொன்னால் போதும். நேரலை லொகேஷன் வேண்டாம். அது 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று காலக்கெடு வைத்தது, வண்டி போய்ச் சேர்வதற்குள் முடிந்திருக்கும், ஆளும் நகர்ந்திருப்பார்.

கதவு எண்ணே இல்லாத புதிய மனைப்பிரிவுகளுக்குப் பிளஸ் கோடு, அதாவது முகவரிக்குப் பதிலாக இடத்தைக் குறிக்கும் கூகுளின் குறியீடு, நல்லது. கூகுள் மேப்ஸில் புள்ளியை அழுத்திப் பிடித்தால் கிடைக்கும். வழக்கமான நீளத்தில் ஒரு பிளஸ் கோடு 14 மீட்டருக்கு 14 மீட்டர் அளவுள்ள சதுரத்தைக் குறிக்கும். சுருக்கிய கோடு என்றால் பின்னால் ஊர்ப் பெயரையும் சேர்த்தே சேமியுங்கள். ஊர் இல்லாமல் கோடு மட்டும் இருந்தால் வேறெங்கோ போகலாம்.

ஒருமுறை சரியாக இறக்கிய இடத்தின் புள்ளியை டிரைவர் அங்கிருந்தே அனுப்பி, வாடிக்கையாளர் பட்டியலில் ஏற்றிவிட்டால் அடுத்த முறை முகவரியையே மென்பொருளிடம் காட்டத் தேவையில்லை. இந்த ஒரு பழக்கம் எந்தக் கட்டணச் செயலியை விடவும் அதிகம் மிச்சப்படுத்தும்.

ஒரே பேட்டைக்கு வண்டி இரண்டு முறை போகிறது

கூகுள் மேப்ஸ் செயலி உங்கள் நிறுத்தங்களை வரிசைப்படுத்தித் தராது. நீங்கள் சேர்த்த வரிசையில்தான் போகும். மாற்ற வேண்டுமென்றால் விரலால் இழுத்து மாற்ற வேண்டும். பில் போட்ட வரிசையிலேயே முகவரிகளை ஏற்றிவிட்டு "மேப் சுத்தி விடுது" என்று புலம்புவதில் நியாயமில்லை. பத்து நிறுத்தங்களை 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம். அத்தனையையும் யாரும் பார்க்கப் போவதில்லை. கையால் செய்வதானால் முதலில் பேட்டை வாரியாகப் பிரியுங்கள், பிறகு பேட்டைகளின் வரிசை, கடைசியில் பேட்டைக்குள் வரிசை. மிகச் சிறந்த வழி வராது, ஆனால் முட்டாள்தனமான வழியும் வராது.

வரிசை போடும் கருவியே வைத்திருந்தும் சுற்றினால், அது எந்தத் தூரத்தை எடுக்கிறது என்று பாருங்கள். சில இலவசக் கருவிகளும், நாமே எக்செலில் எழுதிக்கொள்ளும் சூத்திரங்களும் நேர்கோட்டுத் தூரத்தை எடுக்கும். ரங்கநாதன் தெரு முனையிலிருந்து மேற்கு மாம்பலம் நேர்கோட்டில் கூப்பிடு தூரம். நடுவே ரயில் பாதை. நடந்து போகிறவர் ஸ்டேஷன் படியேறி இறங்கிவிடுவார், வண்டி துரைசாமி சுரங்கப்பாதைக்கோ அரங்கநாதன் சுரங்கப்பாதைக்கோ சுற்றித்தான் வர வேண்டும். அடுத்தடுத்த நிறுத்தம் என்று கருவி நினைத்தது மாலை ஆறு மணிக்கு ஒரு யாத்திரையாக மாறும். அடையாறு, கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் இவற்றின் இரு கரைகளுக்கும் இதே கதைதான். சாலைத் தூரத்தை எடுக்கும் கருவிக்கு மாறுங்கள். முடியாவிட்டால் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பட்டியலை நீங்களே இரண்டாக வெட்டி, தனித்தனியாக வரிசை போடுங்கள்.

சாலைத் தூரம் எடுத்தும் சுற்றினால் நேர வரம்புகளைச் சந்தேகப்படுங்கள். கடைக்காரர் எல்லாருமே "காலையிலேயே வேணும்" என்றுதான் சொல்வார்கள். அத்தனையையும் 9 முதல் 10 மணிக்குள் என்று கருவியில் பதிந்தால், அது அந்த வரம்புகளைக் காப்பாற்ற ஊரையே குறுக்கும் நெடுக்குமாக ஓடும். சோதிப்பது சுலபம். எல்லா வரம்புகளையும் எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வழி சட்டென்று சுருங்கினால் காரணம் அதுதான். மதியம் கடை மூடுகிறவர், ஏழு மணிக்கு முன் மட்டும் சரக்கு எடுக்கும் ஓட்டல் என்று நிஜமான வரம்புகளை மட்டும் திரும்பப் போடுங்கள்.

வண்டி குடோனுக்குத் திரும்ப வேண்டுமா, கடைசி நிறுத்தத்தோடு டிரைவர் வீட்டுக்குப் போகலாமா என்ற தேர்வையும் பார்த்துவிடுங்கள். அது மாறியிருந்தால் முழு வரிசையும் மாறும்.

நிறுத்தங்களைச் சேர்க்க முடியவில்லை, அல்லது அனுப்பிய லிங்கில் பாதி காணோம்

கூகுள் மேப்ஸில் ஒரு வழிக்கு 9 நிறுத்தங்கள்தான். பட்டியலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டு முடிந்ததும் அடுத்த லிங்கைத் திறக்கச் சொல்லுங்கள். அலுவலகத்திலிருந்து லிங்காக அனுப்பும்போது வேறொரு சிக்கல் இருக்கிறது. அது டிரைவர் போனில் மேப்ஸ் செயலியில் திறக்காமல் பிரவுசரில் திறந்தால் இடையில் 3 நிறுத்தங்கள் வரை மட்டுமே ஏற்கும். போன் அமைப்பில், மேப்ஸ் லிங்குகளைச் செயலியிலேயே திறக்கும்படி மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

தாண்டிப் போன நிறுத்தத்துக்கே திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது

கடை பூட்டியிருக்கிறது, டிரைவர் அடுத்ததுக்குக் கிளம்புகிறார். செயலிக்கு அந்த நிறுத்தம் இன்னும் பாக்கி. "யு டர்ன் எடுக்கவும்" என்று பிடிவாதம் பிடிக்கும். அந்த நிறுத்தத்தை வழியிலிருந்து நீக்க வேண்டும், அல்லது கடைசிக்குத் தள்ள வேண்டும். வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான்.

கிட்டத்தட்ட இதே மாதிரி தெரியும் வேறொரு கோளாறு உண்டு. நடுவே தடுப்புச் சுவர் உள்ள ஓஎம்ஆர், அண்ணா சாலை போன்றவற்றில் நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருந்தால், கருவி உங்களை நீண்ட தூரம் கூட்டிப் போய்த் திருப்பும். அது பிழையில்லை, சரியான வழிதான். ஆனால் அந்த நிறுத்தத்தைத் திரும்பி வரும் வழியில் வைத்திருக்கலாம். பட்டியலில் பெரிய சாலைக் கடைகளுக்கு எந்தப் பக்கம் என்று ஒரு கட்டம் வைத்துக்கொள்வது பயன்படும்.

குட்டி யானை நுழையாத சந்துக்குள் இழுத்துப் போகிறது

முதலில் போக்குவரத்து வகையைப் பாருங்கள். 2017 டிசம்பரில் இந்தியாவில் கூகுள் மேப்ஸில் இருசக்கர வாகன வழி வந்ததிலிருந்து, பைக் ஓட்டுகிறவர் போனை லோடு வண்டிக்கு மாற்றிக் கொடுத்தால் அந்த அமைப்பும் கூடவே போகிறது. காருக்கு மாற்றினால் ஓரளவு சரியாகும். காருக்கான வழியில் குறுகிய சாலைகளைத் தவிர்க்கும் முறையைக் கூகுள் 2024 ஜூலையில் சென்னை, கோயம்புத்தூர் உட்பட 8 நகரங்களில் அறிவித்தது. இருந்தாலும் அது காருக்கு. வண்டியின் உயரம், எடை, சரக்கு வாகனங்களுக்கான நேரக் கட்டுப்பாடு எதையும் கூகுள் மேப்ஸ் கேட்பதில்லை. சௌகார்பேட்டையின் கோவிந்தப்பன் நாயக்கன் தெருவிலும் மின்ட் தெருவிலும் பகலில் என்ன நடக்கும் என்று அதற்குச் சொல்லித்தர முடியாது. சௌகார்பேட்டை நிறுத்தங்களைத் தனிக் கொத்தாக்கி, அதிகாலையிலேயே முடிப்பது அல்லது முனையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது என்று மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும்.

சுரங்கப்பாதைகளுக்கும் அதேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதும் வரைபடத்துக்கு உடனே தெரியும் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களில் ரயில் பாதையை மேம்பாலம் வழியாக மட்டும் கடக்கும்படி, மேம்பாலத்தின் மேல் ஒரு போலி நிறுத்தம் சேர்த்துக் கட்டாயப்படுத்தலாம். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம். அந்த வேலைக்காக மாற்றிவிட்ட சாலைகளுக்கும் இதே வித்தை எடுபடும்.

நெடுஞ்சாலையை விட்டுவிட்டு ஊருக்குள் உருட்டினால், "டோல் தவிர்" என்பது ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். சென்னை பைபாஸில் மிச்சம் பிடித்த காசு டீசலில் போயிருக்கும்.

நீல அம்பு குதிக்கிறது, பாலத்தில் குழம்புகிறது

திறந்த வெளியில் போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் இடம் சொல்லும். உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்புவதால் பக்கத்துத் தெருவில் இருப்பதாகக் காட்டும். மேம்பாலத்தில் இன்னும் சிரமம், ஏனென்றால் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் வரைபடத்தில் ஒரே இடம். கத்திப்பாரா மேம்பாலத்தை நெருங்கும் முன்பே டிரைவர் எந்தக் கிளையில் ஏற வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

எல்லா இடத்திலும் குதித்தால் போன் அமைப்புதான். ஆண்ட்ராய்டு 12 முதல் ஒரு செயலிக்குத் துல்லியமான இடம், தோராயமான இடம் என்று தனித்தனியாக அனுமதி கேட்கும். யாரோ அவசரத்தில் தோராயத்தை அழுத்தியிருப்பார்கள். திரை அணைந்ததும் வழி நின்றுபோனால், பேட்டரி சேமிப்பை அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குங்கள். மே மாத வெயிலில் டாஷ்போர்டு மேல் கிடக்கும் போன் சூடேறி, சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும். அது ஜிபிஎஸ் கோளாறு மாதிரியே தெரியும்.

வழி சரி, ஆனால் இரண்டு மணிக்கு முடிய வேண்டியது ஐந்தாகிறது

செயலி காட்டுவது ஓட்டும் நேரம் மட்டும். வண்டி நிறுத்த இடம் தேடுவது, பெட்டி எண்ணுவது, பில்லில் கையெழுத்து, பணம் எண்ணுவது எதுவும் அதில் இல்லை. 28 நிறுத்தம், தலா 6 நிமிடம் என்றால் 168 நிமிடம். காணாமல் போன மூன்று மணி நேரம் கிட்டத்தட்ட அங்கேயே இருக்கிறது. நிறுத்த நேரத்தைப் பதியும் வசதி உங்கள் கருவியில் இருந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போடாமல் வகை பிரித்துப் போடுங்கள். தெருவோரப் பெட்டிக்கடை ஒன்று, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி ஒன்று, செக்யூரிட்டி நோட்டில் பெயர் எழுதும் கம்பெனி ஒன்று.

லோடு ஏற்றும் வரிசையும் இதில் சேரும். கடைசி நிறுத்தத்தின் சரக்கு முதலில் ஏற வேண்டும். பட்டியலை வழி வரிசையில் அச்சடித்துக் குடோனில் கொடுத்தால், ஏற்றுகிறவர் அதை மேலிருந்து கீழாகவே படிப்பார். முதல் கடையின் பெட்டிகள் அடியில் போய்விடும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் பாதி வண்டியைக் கலைக்க வேண்டியிருக்கும். குடோனுக்குத் தனியாக, தலைகீழ் வரிசையில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள். வழியில் வரிசையை மாற்றினால் அந்தத் தாளும் மாற வேண்டும் என்பதால், லோடு ஏற ஆரம்பித்த பிறகு வரும் அவசர ஆர்டர்களை நடுவில் நுழைக்காமல் கதவோரம் ஏற்றி, முதல் சில நிறுத்தங்களுக்குள் முடித்துவிடுங்கள்.